மண்டலம் 26-இல் நடப்பவர்கள்

தோஹாவில் ஒவ்வொரு கட்டடத்தின் முகப்பிலும் ஒரு நீலத் தகடு இருக்கும். அதில் மூன்று எண்கள்: மண்டலம், தெரு, கட்டடம். ஆம்புலன்ஸை அழைத்தாலும், சாப்பாடு வரவழைத்தாலும், ஊரிலிருந்து வந்திறங்கிய மச்சானுக்கு வழி சொன்னாலும் இந்த மூன்று எண்கள் போதும். நஜ்மாவின் மண்டல எண் 26. பக்கத்தில் அல் மன்சூராவும் பின் திர்ஹமும் 25, உம் குவைலினா 27. இவ்வளவு துல்லியமாக அளந்து எண் கொடுக்கப்பட்ட ஊரில், இந்தத் தெருக்களில் காலையும் மாலையும் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்ற எண் யார் கையில் இருக்கிறது? சாலைத் திட்டங்களைப் பற்றி வரும் அறிவிப்புகளில் கிலோமீட்டர் வரும், மரங்களின் எண்ணிக்கை வரும், விளக்குக் கம்பங்களின் எண்ணிக்கை வரும். நடக்கிற ஆட்களின் எண்ணிக்கை அரிதாகவே வரும். நஜ்மாவின் நடைபாதைகளைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்குகிறது.

நஜ்மா என்றால் அரபியில் நட்சத்திரம். தோஹாவின் பழைய குடியிருப்புகளில் ஒன்று. மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள், கீழ்த்தளத்தில் பக்காலா எனப்படும் மளிகைக் கடை, சலூன், தையல் கடை, கேரளத்து ஓட்டல். பழைய கட்டிலும் பீரோவும் பிரிட்ஜும் கைமாறும் ஹராஜ் சந்தையை வைத்துத்தான் ஊரில் பலருக்கு நஜ்மாவைத் தெரியும். ஓர் அறையில் நான்கைந்து பேராகப் பகிர்ந்து வாழும் ஆண்கள், சின்ன ஃபிளாட்டில் குடும்பத்தோடு இருக்கும் எழுத்தர்கள், செவிலியர்கள், கடைக்காரர்கள். தமிழ், மலையாளம், வங்காளம், நேபாளி, உருது, தகாலோக் எல்லாம் ஒரே சந்தில் கேட்கும். இங்கே இருப்பவர்களில் பலரிடம் கார் இல்லை. வாகன ஓட்டுநர் உரிமம் எடுப்பது ஒரு வருடத்துச் சேமிப்பைக் கேட்கும் காரியம் என்று தள்ளிப் போட்டவர்கள் அதிகம். ஆகவே நடக்கிறார்கள். நகரத்தின் வேறெந்தப் பகுதியையும்விட இங்கே நடை என்பது உடற்பயிற்சியல்ல, போக்குவரத்து.

நான் அங்கே குடியிருந்த நாட்களில், விடியற்காலை அல் மன்சூரா மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போவது வழக்கம். இருபது நிமிடத்துக்குக் குறைவான தூரம். வாசலை விட்டு இறங்கினால் இன்டர்லாக் கல் பதித்த நடைபாதை. பத்தடி போனதும் அதன் மேல் ஏற்றி நிறுத்திய ஒரு கார். இறங்கிச் சாலையில் நடந்து, காரைத் தாண்டி மறுபடி ஏற வேண்டும். அடுத்து ஒரு மின்பெட்டி, நடைபாதையின் நடுவில். அப்புறம் மேலேயிருந்து ஏசி தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பாசி பிடித்த இடம். அதன்பின் ஒரு வெற்று மனை. அங்கே நடைபாதையே கிடையாது, மணலும் உடைந்த கல்லும்தான். மனை முடிந்ததும் நடைபாதை மறுபடி தொடங்கும். கடைசியாகப் பெரிய சாலை. மறுபக்கம் நிலையம் கண்ணெதிரே தெரியும். ஆனால் கடக்கும் இடம் சிக்னல் வரைக்கும் போய்த் திரும்பி வருகிற தூரத்தில். தலைக்கட்டு கட்டிய பத்துப் பதினைந்து பேர் தினமும் அந்த இடத்தில் நின்று இடமும் வலமும் பார்ப்பார்கள். அவர்களுக்கு விதி தெரியாமலில்லை. வேலைக்கு வண்டி வரும் நேரம் அவர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

இந்தப் பாதை ஏன் இப்படித் துண்டு துண்டாக இருக்கிறது என்று கேட்டால், முதல் விடை மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு தெருவை வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும்: அடியில் கழிவுநீர்க் குழாய், மழைநீர்க் குழாய், குடிநீர், மின்சாரம், தொலைபேசிக் கம்பி, அதன் மேல் கெட்டிப்படுத்திய ஜல்லி, அதன் மேல் தார், ஓரத்தில் ஓரக்கல், அதற்கும் அப்பால் நடைபாதை. வேலை நடப்பதும் இதே வரிசையில்தான். ஆகவே ஒப்பந்தத்தில் கடைசியாக வருவது நடைபாதை. காலமும் பணமும் இழுபறியாகும்போது முதலில் குறைவது கடைசியில் இருப்பதுதான். பிறகு யாராவது ஒரு குழாயைச் சரிசெய்ய வந்தால் முதலில் தோண்டுவதும் அதையே. தாரை உடைத்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் அன்றைக்கே சத்தம் எழும். நடைபாதையை உடைத்தால் ஆள் இறங்கி நடந்துவிடுவான். அவன் சத்தம் போடுவதில்லை.

ஓரக்கல்லின் உயரத்தையும் சொல்ல வேண்டும். அது மழைநீரைச் சாலையோரத்தில் ஓடவைக்கவும், வண்டி ஏறாமல் தடுக்கவும் போடப்படுவது. ஆனால் கார் நிறுத்த இடமில்லாத தெருவில் பெரிய சக்கர வண்டிகள் அதைச் சுலபமாக ஏறிவிடும். ஏறமுடியாதது குழந்தையின் தள்ளுவண்டியும், சக்கர நாற்காலியும், ஊரிலிருந்து மகனைப் பார்க்க மூன்று மாத விசாவில் வந்திருக்கும் அம்மாவின் முட்டியும்தான். யாரைத் தடுக்கப் போட்டார்களோ அவர்களைத் தடுக்கவில்லை. முனைகளில் ஒரு சாய்தளம் அமைப்பதும், வண்டி ஏறும் இடத்தில் ஒரு குட்டைத் தூண் நடுவதும் இதற்குத் தீர்வு. செலவு மிகக் குறைவு. ஆனால் செலவு குறைந்த வேலைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, திறப்பு விழா கிடையாது.

இந்த வேலைகளைச் செய்யும் அமைப்பு அஷ்கால் எனப்படும் பொதுப்பணி ஆணையம். 2004-இல் தொடங்கப்பட்டது. நெடுஞ்சாலைகள் ஒரு பக்கம், உள்ளூர்ச் சாலைகளும் வடிகாலும் சேர்ந்த இன்னொரு பக்கம் என்று அதன் பணி பிரியும். உள்ளூர்ச் சாலையும் வடிகாலும் ஒரே திட்டத்தில் வருவது தற்செயல் அல்ல. குழாய் போடும்போதே சாலையும் போட்டுவிட்டால் இரண்டு முறை தோண்ட வேண்டியதில்லை. அல் வஜ்பா, இஸ்காவா போன்ற நகர விளிம்புப் பகுதிகளில் இந்தத் திட்டத்தின் கீழ் முழுத் தெருக்களே புதிதாக எழுந்தன: குழாய், தார், விளக்கு, நடைபாதை, சைக்கிள் பாதை எல்லாம் ஒரே வரைபடத்தில். அங்கே போய் நடந்து பார்த்திருக்கிறேன். அழகான, அகலமான, வெறிச்சோடிய நடைபாதைகள். ஒவ்வொரு வில்லாவின் வாசலிலும் இரண்டு மூன்று கார்கள். நடப்பவர்கள் என்றால் வீட்டு வேலைக்கு இருக்கும் பெண்களும் தோட்டக்காரர்களும்தான். புது இடத்தில் நல்ல நடைபாதை போடுவது சுலபம். மண் காலியாக இருக்கிறது. பழைய நஜ்மாவில் அதே வேலைக்கு ஒவ்வொரு கடைக்காரரோடும் ஒவ்வொரு கார் நிறுத்தத்தோடும் பேச வேண்டும். திட்டங்கள் எளிய இடத்தை நோக்கி நகர்வது இயற்கை. நடப்பவர்கள் கடினமான இடத்தில் இருக்கிறார்கள்.

பணம் இல்லாமலா? இந்தக் கேள்விக்குக் கத்தாரில் விடை தெளிவானது. 2025-ஆம் ஆண்டு அரசு வரவு செலவுத் திட்டத்தில் செலவு 210.2 பில்லியன் ரியால் என்று வைக்கப்பட்டது. வருவாய் 197 பில்லியன். எண்ணெயும் எரிவாயுவும் இந்தக் கணக்கின் முதுகெலும்பு. தனிநபர் வருமான வரி கிடையாது, சொத்து வரி கிடையாது. செலவு நான்கு பெருந்தலைப்புகளில் எழுதப்படுகிறது: ஊதியம், நடப்புச் செலவு, சிறு மூலதனச் செலவு, பெரிய திட்டங்கள். பெரிய திட்டம் என்பதற்கு வடிவம் உண்டு. தொடக்கம், முடிவு, ஒப்பந்தக்காரர், படம். ஒரு தெருமுனையில் சாய்தளம் என்பதற்கு அந்த வடிவம் கிடையாது. அது பராமரிப்பா, புதுப் பணியா, மாநகராட்சியின் வேலையா, அஷ்காலின் வேலையா என்று கேட்கப்படும் இடத்திலேயே தங்கிவிடுகிறது.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். அங்கே வார்டு அலுவலகத்தில் போய் நின்று, நான் சொத்து வரி கட்டுகிறேன், என் தெருவில் கால் வைக்க இடமில்லை என்று ஒருவர் கேட்கலாம். பணம் வராமல் போகலாம், கேள்வி கேட்கும் உரிமை போகாது. வரி என்பது பணம் மட்டுமல்ல, ஒரு பேச்சுவார்த்தையும்கூட. வளைகுடாவில் அந்தப் பேச்சுவார்த்தை இல்லாமல் சாலை வருகிறது. நல்ல சாலைகள் வருகின்றன, அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். குண்டும் குழியுமான தார் என்பதை நஜ்மாவில் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் கேட்காமல் கிடைப்பதில் நாம் கேட்க நினைத்தது இருக்குமா என்பது நம் கையில் இல்லை.

சைக்கிளை எடுத்துக்கொள்வோம். 2020-இல் அல் கோர் சாலையை ஒட்டிய ஒலிம்பிக் சைக்கிள் பாதை இரண்டு கின்னஸ் சாதனைகளைப் பெற்றது. ஒன்று, இடைவெளியில்லாத மிக நீளமான சைக்கிள் பாதை, 32.869 கிலோமீட்டர். மற்றொன்று, நிறுத்தாமல் ஒரே மூச்சில் இடப்பட்ட 25.275 கிலோமீட்டர் தார். சுரங்கப்பாதைகளும் பாலங்களும் இருப்பதால் எங்கேயும் காரோடு மோத வேண்டியதில்லை. பந்தய சைக்கிளில் பயிற்சி எடுப்பவருக்கு அது ஒரு வரம்தான். அதன் வேலைத்தரத்தைப் பார்த்தால் கைகூப்பத் தோன்றும்.

அதே வருடங்களில் நஜ்மாவில் சைக்கிள் ஓட்டியவர்கள் யார்? பக்காலாவிலிருந்து தண்ணீர்க் கேனும் அரிசியும் கொண்டுபோய் மூன்றாவது மாடியில் கொடுக்கும் பையன்கள். அதிகாலையில் கட்டடங்களைக் கழுவப் போகிறவர்கள். இரவு ஷிப்ட் முடிந்து வரும் காவலாளிகள். அவர்களுடைய சைக்கிளுக்கு முன்னால் கூடை, பின்னால் கட்டிய பிளாஸ்டிக் பெட்டி, கியர் கிடையாது. எதிர்த்திசையில் ஓட்டுவார்கள், ஏனென்றால் சரியான திசையில் போனால் யூ-டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பரமக்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர் எங்கள் கட்டடத்துக்குப் பால் கொண்டுவருவார். அல் கோர் பாதையைப் பற்றி ஒருநாள் அவரிடம் சொன்னேன். “ரோடு நல்லாத்தான் போட்டிருக்காங்க தம்பி. ஆனா நான் பால் கொண்டுபோற எடத்துக்கு அது வரலையே” என்றார். கோபமில்லாமல், விவரம் சொல்வது போலச் சொன்னார்.

அவர் சொன்னது ஒரு கொள்கைப் பிரச்சினை. சைக்கிள் என்றால் விளையாட்டு என்று ஒரு துறை நினைத்தால், பாதை நகரத்துக்கு வெளியே நீளமாகப் போகும். சைக்கிள் என்றால் வண்டி என்று நினைத்தால், கடைக்கும் வீட்டுக்கும் நடுவே குட்டையாக, நிறைய முனைகளோடு, வலையாக வரும். முதல் வகையை அளக்கக் கிலோமீட்டர் போதும். இரண்டாவதை அளக்க, எத்தனை வாசல்களை அது தொடுகிறது என்று பார்க்க வேண்டும். துபாயிலும் இந்தப் பிரிவினை உண்டு. பாலைவனத்துக்குள் வளைந்து செல்லும் அல் குத்ரா பாதையில் விடியற்காலை பந்தய உடையணிந்தவர்கள் கூட்டமாக ஓட்டுவார்கள். அபுதாபிக்கு 2021-இல் உலக சைக்கிள் சம்மேளனம் ஆசியாவிலேயே முதன்முறையாக ‘பைக் சிட்டி’ என்ற பட்டத்தைக் கொடுத்தது. பெருமைக்குரியதுதான். ஆனால் அந்த ஊர்களிலும் டெலிவரிக்கும் வேலைக்கும் ஓட்டுகிறவரின் பாதை இன்னும் சாலை ஓரத்தில்தான் இருக்கிறது.

இனி வெயிலுக்கு வருகிறேன். வளைகுடாவில் நடைபாதையைப் பற்றிப் பேசி வெயிலைப் பற்றிப் பேசாவிட்டால் பாதிதான் பேசியதாகும். கத்தார் சட்டம் வெயிலை நன்கு அறியும். 2021-ஆம் ஆண்டின் 17-ஆம் எண் அமைச்சக ஆணைப்படி ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலை கூடாது. அதற்கும் மேலே ஒரு பாதுகாப்பு: வெப்பம், ஈரப்பதம், நேர் வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் ஓர் அளவு உண்டு. அது 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த மாதமானாலும், எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். வெறும் வெப்பமானி காட்டுவதைவிட இது உடலுக்கு நெருக்கமான அளவு. ஈரக்காற்று வீசும் ஆகஸ்டில் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடல் குளிராது. முன்பு இந்தத் தடை 11.30-க்குத் தொடங்கி 3 மணிக்கு முடிந்தது, இரண்டரை மாதங்களுக்கு மட்டும். அதை நீட்டியது நல்ல, தேவையான மாற்றம்.

ஆனால் வேலை செய்யும் உடலும் நடக்கும் உடலும் ஒன்றுதான். 10 மணிக்கு வேலையை நிறுத்திய அதே ஆள், மருந்துக் கடைக்கோ பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சுக்கோ போக 11 மணிக்கு நஜ்மா தெருவில் இறங்குகிறார். அங்கே அவரைக் காக்க எந்த ஆணையும் இல்லை. கட்டட நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துத் தெருவை இரண்டு முறை கடக்கிறார். பேருந்து நிறுத்தத்தின் கம்பம் போடும் விரலளவு நிழலில் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வெப்ப நாட்டில் நிழல் என்பது அலங்காரமல்ல. தார், விளக்கு போல அதுவும் சாலையின் ஓர் உறுப்பு. வரைபடத்தில் அதற்கு ஓர் அளவு வேண்டும்: இத்தனை மீட்டருக்கு ஒரு நிழல் என்று.

இந்தத் திசையில் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2019-இல் சூக் வாகிஃப் அருகே அப்துல்லா பின் ஜாசிம் தெருவின் ஒரு பகுதியை அஷ்கால் நீல நிறமாக மாற்றியது. சூரிய வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு மெல்லிய பூச்சு; தாரின் சூட்டை 15 முதல் 20 டிகிரி வரை குறைக்கும் என்ற எதிர்பார்ப்போடு செய்த சோதனை. உம் அல் செனீம் பூங்காவில் 1,143 மீட்டர் நீளத்துக்குக் குளிரூட்டப்பட்ட நடைபாதை இருக்கிறது. திறந்தவெளியில் இதுவே உலகின் மிக நீளமானது என்று கின்னஸ் பதிவு உண்டு. நானும் அங்கே நடந்திருக்கிறேன். ஜூலை மாதத்தில் குழந்தைகள் ஓடுவதைப் பார்த்தது மகிழ்ச்சி. அந்தப் பூங்காவுக்குப் போக எனக்கு ஒரு நண்பரின் கார் தேவைப்பட்டது.

நடப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒரு வட்டாரம் நஜ்மாவிலிருந்து அதிக தூரமில்லை. முஷைரிப். 31 ஹெக்டேர். கடற்காற்று உள்ளே வருமாறு தெருக்களைத் திருப்பி வைத்தார்கள். கட்டடங்களை நெருக்கி, ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழச் செய்தார்கள். பழைய அரபு ஊர்களில் இருந்த சிக்கா எனும் சந்துகளை மறுபடி கொண்டுவந்தார்கள். கார்களைப் பூமிக்கடியில் இறக்கினார்கள். பகலில்கூட அங்கே நடக்க முடிகிறது. ஒரு நகரம் தன் பாட்டன் காலத்து அறிவைத் திரும்ப எடுத்துக்கொண்டதன் சான்று அது. ஆனால் அந்த இடம் புதுப்பிக்கப்படுவதற்கு முன் இன்றைய நஜ்மாவைப் போலவே இருந்தது: நெருக்கடியான கட்டடங்கள், தெற்காசியக் கடைகள், நடந்தே வாழ்ந்த வேலையாட்கள். தெருக்கள் நடக்கத் தகுந்தவையாக ஆனபோது, நடந்தவர்கள் அங்கே இல்லை. அவர்களில் பலர் இன்னும் வெளியே, மன்சூராவுக்கும் நஜ்மாவுக்கும் சனையா எனப்படும் தொழிற்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். முஷைரிப்பின் பாடத்தை நஜ்மாவுக்கு, நஜ்மாவின் மக்கள் இருக்கும்போதே கொண்டுவர முடியுமா என்பதுதான் எனக்கு இன்றைக்கு மிகப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

இந்த நகரம் ஏன் காருக்காக வரையப்பட்டது என்பதற்கு ஒரு தேதியே உண்டு. 1972-இல் லூவலின் டேவிஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் தோஹாவுக்கு ஒரு பெருந்திட்டம் தயாரித்தது. பழைய துறைமுக நகரத்தை மையமாக வைத்து வளையச் சாலைகள்: ஏ ரிங், பி ரிங், சி ரிங் என்று வெளியே வெளியே விரியும். பெட்ரோல் பணம் வந்த காலம், மக்கள்தொகை சின்னது, இடம் நிறைய. வளையச் சாலையின் வேலை வண்டியை வேகமாகச் சுற்றிவிடுவது. ஆனால் குறுக்கே நடப்பவருக்கு ஒவ்வொரு வளையமும் ஒரு ஆறு. 2020 டிசம்பர் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த மக்கள்தொகை 28,46,118. அவர்களில் பலர் இப்போது அந்த ஆறுகளின் கரைகளில். பல ரவுண்டபவுட்கள் சிக்னல்களாக மாற்றப்பட்டது நடப்பவருக்குப் பெரிய உதவி. ரவுண்டபவுட்டில் வண்டி நிற்பதே இல்லை, சிக்னலிலோ சில நொடிகளாவது நிற்கும். அந்தச் சில நொடிகள் ஒரு வயதானவருக்குப் போதுமா என்பது அடுத்த கேள்வி.

2019-இல் மெட்ரோ வந்தது. 37 நிலையங்கள், 76 கிலோமீட்டர், ஓட்டுநர் இல்லாத ரயில்கள், ஒரு பயணத்துக்கு 2 ரியால். நிலையத்திலிருந்து வீட்டு வட்டாரத்துக்குக் கொண்டுவிட மெட்ரோலிங்க் பேருந்துகள் இலவசம். நஜ்மா வாழ்க்கையை மெட்ரோ மாற்றியது என்று தயங்காமல் சொல்வேன். டாக்ஸிக்குச் செலவான பணம் ஊருக்குப் போனது. ஆனால் ரயிலுக்கு ஒரு குணம் உண்டு: அது நடைபாதையின் நீட்சி. நிலையத்துக்குள் பளிங்குத் தரை, குளிர்காற்று, கண் தெரியாதவருக்கான மேடு போட்ட வழித்தடம். நிலையத்தை விட்டு இருநூறு மீட்டர் வெளியே வந்தால் அந்த வழித்தடம் எங்கோ முடிந்துபோகிறது. மெட்ரோவுக்குப் போட்ட பணம் முழுப் பலன் தர, அந்தக் கடைசி அரை கிலோமீட்டருக்கும் போட வேண்டும். ரயிலுக்கான செலவோடு ஒப்பிட்டால் அது கடுகளவு.

பக்கத்து நாடுகளின் போக்கையும் பார்ப்பது பயன் தரும். ஐக்கிய அமீரகத்தில் கண்ட இடத்தில் சாலையைக் கடந்தால் 400 திர்ஹம் முகாலஃபா, அதாவது அபராதம், என்பது நம்மவர்களுக்கு மனப்பாடம். 2025 மார்ச் 29-இல் நடைமுறைக்கு வந்த புதிய போக்குவரத்துச் சட்டத்தில், அப்படிக் கடந்து விபத்து நேர்ந்தால் சிறையும் 5,000 முதல் 10,000 திர்ஹம் வரை அபராதமும் உண்டு. 80 கிலோமீட்டருக்கு மேல் வேக வரம்புள்ள சாலைகளில் தண்டனை இன்னும் கடுமை. உயிர் காக்கும் நோக்கம்தான். ஆனால் தடை மட்டும் போதாது என்பதைத் துபாயே புரிந்துகொண்டிருக்கிறது. 2024 டிசம்பரில் ‘துபாய் வாக்’ என்ற பெருந்திட்டம் அறிவிக்கப்பட்டது: 160 வட்டாரங்களில் 6,500 கிலோமீட்டர் நடைபாதை, 110 நடைபாலங்களும் சுரங்கப்பாதைகளும். 2040-க்குள் 3,300 கிலோமீட்டர் புதிது, 2,300 கிலோமீட்டர் பழையதைச் சீரமைப்பது, மீதி அதற்குப் பின். எனக்கு இதில் மிகவும் பிடித்தது கிலோமீட்டர் அல்ல. நடையும் சைக்கிளும் போன்றவற்றின் பங்கை 13 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக்குவோம் என்று இலக்கு வைத்தார்கள் பாருங்கள், அது. அங்கே ஆட்கள் எண்ணப்பட்டுவிட்டார்கள். இலக்கு சாலையின் நீளத்தில் இல்லை, மனிதர்களின் பயணத்தில் இருக்கிறது.

அபுதாபி இதைவிட முன்னமே, 2010-இல், தெரு வடிவமைப்புக்கென ஒரு கையேடு வெளியிட்டது. நடப்பவர் முதலில், பிறகு பொதுப் போக்குவரத்து, பிறகு சைக்கிள், கடைசியில் கார் என்ற வரிசையை எழுதி வைத்தது. நடைபாதை என்பதையே பகுதி பகுதியாகப் பிரித்தது: கடை வாசலுக்கு ஒரு பட்டை, நடக்க ஒரு பட்டை, மரமும் கம்பமும் பெட்டியும் வைக்க ஒரு பட்டை, சாலை விளிம்புக்கு ஒரு பட்டை. நடக்கும் பட்டையில் எதுவும் நிற்கக் கூடாது. நஜ்மாவில் மின்பெட்டி நடைபாதையின் நடுவில் நிற்பதற்குக் காரணம் யாருடைய தீய எண்ணமும் அல்ல. அங்கே பட்டைகள் பிரிக்கப்படவில்லை. மின்துறைக்குக் காலியாகத் தெரிந்த இடத்தில் மின்துறை பெட்டியை வைத்தது.

இனி, கேட்பது யார் என்ற இடத்துக்கு வந்தாக வேண்டும். கத்தாரில் 1999-இலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் மத்திய நகராட்சி மன்றம் உண்டு. 29 உறுப்பினர்கள். சாலை, பூங்கா, வடிகால் பற்றி அமைச்சகத்துக்குப் பரிந்துரை சொல்வது அதன் வேலை. வாக்கு குடிமக்களுக்கு. அது அந்நாட்டின் உரிமை, அதில் குறை காண எனக்கு இடமில்லை. நானும் பிழைக்கப் போனவன்தான். ஆனால் அதன் விளைவை மறைக்க முடியாது. நஜ்மாவில் நடப்பவர்கள் ஏறக்குறைய எல்லாருமே வெளிநாட்டவர். ஆகவே அவர்களுடைய நடைபாதை எந்த உறுப்பினரின் வாக்குக் கணக்கிலும் வராது. மிஞ்சியிருப்பது தொலைபேசி. 188-ஐ அழைத்து அஷ்காலிடம் சொல்லலாம்; அரபியிலும் ஆங்கிலத்திலும் பேசுவார்கள். உடைந்த மூடியைச் சொன்னால் சரிசெய்வார்கள். ஆனால் உடைந்ததைப் பற்றித்தான் புகார் சொல்ல முடியும். இல்லாததைப் பற்றி எப்படிப் புகார் சொல்வது? இங்கே ஒரு கடக்கும் இடம் வேண்டும் என்பது பழுது அல்ல, கோரிக்கை. கோரிக்கைக்கு எண் கிடையாது.

நம் ஊரில் கேட்பவர்களுக்கு வழி உண்டு என்று முன்னே சொன்னேன். சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்து ஒதுக்கீட்டில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்பது அதில் இருந்த வாக்குறுதி. 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 60 சதவீதம் என்ற அளவு நடைமுறையில் எங்கே நிற்கிறது என்பதைச் சென்னையின் எந்த உட்தெருவில் இறங்கி நடந்தாலும் பார்க்கலாம். ஆனாலும் அந்த எண் எழுதப்பட்டிருப்பதால், அதைச் சுட்டிக்காட்டிக் கேட்க முடிகிறது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காக ஒரு பொதுநல வழக்குப் போட்டார். அறுவை மேசைக்கு வரும் உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து எழுந்த வழக்கு அது. பதின்மூன்று வருடம் கழித்து, 2025 மே 14-இல், அதே வழக்கில்தான் நீதிமன்றம் தடையற்ற, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்க நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றது. ஒரு மருத்துவர், ஒரு மனு, பொறுமை.

நஜ்மாவில் மனு போட முடியாது. ஆனால் எண்ண முடியும். எண்ணுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. அல் மன்சூரா நிலைய வாசலில் காலை ஐந்திலிருந்து ஏழு வரை எத்தனை பேர் எந்தத் திசையிலிருந்து நடந்து வருகிறார்கள். எத்தனை பேர் சிக்னல் வரை போகிறார்கள், எத்தனை பேர் நடுவில் கடக்கிறார்கள். எத்தனை சைக்கிள்கள் எதிர்த்திசையில் வருகின்றன. மெட்ரோவிடம் கார்டு தட்டும் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அந்த வாசலில் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்பது அதில் தெரியும். பல்கலைக்கழகங்களில் நகர அமைப்புப் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். நமது சங்கங்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை கிரிக்கெட்டுக்கும் பொங்கல் விழாவுக்கும் இருநூறு பேரைத் திரட்டத் தெரிந்தவர்கள் ஒரு காலை நேரத்துக்கு இருபது பேரைத் திரட்டலாம். அந்தத் தாளை 188-க்குப் பின்னால் இருக்கும் பொறியாளர் ஒருவர் மேசையில் வைத்தால், அவர் அதை மறுப்பார் என்று நான் நம்பவில்லை. நான் பார்த்தவரை அந்தப் பொறியாளர்களில் பலரும் நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். எண்ணைக் கொடுத்தால் வரைபடம் போடத் தெரிந்தவர்கள்.

என்ன கேட்பது என்றால் பெரிதாக எதுவும் இல்லை. முனைக்கு முனை சாய்தளம். கார் ஏறும் இடங்களில் குட்டைத் தூண். மக்கள் ஏற்கெனவே கடக்கும் இடத்தில் ஒரு கடப்பு, அங்கே ஒரு பொத்தான் சிக்னல். வெற்று மனைகளின் ஓரம் உரிமையாளர் கட்டும்வரை தற்காலிகமாகவாவது ஒரு கல் பாதை. நூறு மீட்டருக்கு ஒரு நிழல். மரமோ துணிப் பந்தலோ எதுவானாலும். பக்காலா சைக்கிள்களுக்குத் தெருவோரத்தில் ஒரு வர்ணக் கோடு, எதிர்த்திசையிலும் போக அனுமதியோடு. மொத்தச் செலவையும் சேர்த்தால் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் ஒரு தூணுக்குக்கூட வராது.

கடைசியாக நான் நஜ்மாவில் நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஜும்மா தொழுகை முடிந்து, தூங்கி எழுந்து, சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு எல்லாரும் வெளியே வரும் நேரம். சனையாவிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் சேர்ந்துகொள்ள, நடைபாதை கொள்ளாமல் ஆட்கள் சாலையில் வழிந்தார்கள். கார்கள் மெதுவாக ஊர்ந்தன. பால்கார அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே யாரோடோ போனில் பேசியபடி எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, நடைபாதை மேல் நின்ற காரைச் சுற்றிச் சாலையில் இறங்கி, மறுபடி ஏறினார்.